கூரையில் பதிக்கும் விளக்குகளும் ஒளியைக் குறைக்கும் சாதனமும்

ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டு விளக்கு என்பது கூடத்தின் நடுவே தொங்கிய ஒற்றை பல்பாகவோ, சுவரில் பொருத்திய குழல் விளக்காகவோ இருந்தது. அது பழுதடைந்தால் ஸ்டூல் மீது ஏறி வேறொன்றை மாட்டிவிடலாம். இன்று பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறு நகரங்களில் எழும் வீடுகளிலும் ஜிப்சம் பலகையாலோ பிளாஸ்டர் ஆப் பாரிஸாலோ பொய்க்கூரை அமைத்து, அதில் வட்டத் துளைகள் இட்டு, டவுன்லைட் எனப்படும் சிறிய எல்.இ.டி. விளக்குகளைப் பதிக்கும் வழக்கம் பரவியுள்ளது. அவற்றின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் டிம்மர் என்னும் சாதனத்தையும் பலர் பொருத்த விரும்புகின்றனர்.

இவ்விருப்பம் தவறானதன்று. ஆயினும் இதனைத் தேர்ந்தெடுக்கும் முறை பெரும்பாலும் தவறாகவே உள்ளது. சுவரில் மாட்டிய பல்பில் நேரும் பிழை பத்து நிமிடத்தில் திருத்தப்படும். கூரையில் பதித்த விளக்கில் நேரும் பிழையோ கூரையுடனேயே பல ஆண்டுகள் தங்கிவிடும். ஆகவே வீட்டாருக்கு யோசனை கூறும் களப் பணியாளர்களும், மின்னியலைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இவ்விஷயத்தைச் சற்று ஆராய்ந்து அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்ற வேண்டும். டிம்மர் பொருத்தினால் மின்சாரச் செலவு வெகுவாகக் குறையும் என்று பலர் கருதுகின்றனர். ஒரு கூடத்தில் 8 வாட் விளக்குகள் ஆறு உள்ளன எனக் கொள்வோம். மொத்தம் 48 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் அவற்றைப் பாதி மின்சக்தியில் எரித்தால், ஆண்டுக்கு மிச்சமாவது சுமார் 35 யூனிட். யூனிட் 6 ரூபாய் என வைத்துக்கொண்டால் 210 ரூபாய். நல்ல டிம்மர் ஒன்றின் விலையும், டிம்மருக்கு ஏற்ற விளக்குகளுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையும் இச்சேமிப்பால் ஈடாவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். சிக்கனம் எல்.இ.டி.யிலேயே கிடைத்துவிட்டது. 60 வாட் இழை பல்பு ஏறத்தாழ 700 லூமென் ஒளி தந்தது; இன்று 9 வாட் எல்.இ.டி. அதைவிடக் கூடுதலாகவே தருகின்றது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் கீழ் நாடெங்கும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டமையின் பயன் இதுவே.

அங்ஙனமாயின் டிம்மர் எதற்கு? கண்ணின் வசதிக்காகவே. ஒரே கூடத்தில் மாலையில் குழந்தை படிக்கின்றது; இரவில் குடும்பத்தினர் உரையாடுகின்றனர்; நள்ளிரவில் முதியவர் ஒருவர் எழுந்து நடக்கின்றார். படிப்பு மேசைக்கு 300 லக்ஸ் அளவு ஒளி வேண்டும். உரையாடுவதற்கு 100 லக்ஸும் மிகுதி. இரவில் வழி காண்பதற்கு அதில் சிறு பங்கே போதும். அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினரின் விழித்திரையை அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. முதியோர் பொருட்டு ஒளியைக் கூட்டவும் வேண்டும். அன்றியும், உறங்கும் நேரம் நெருங்கும்போது நீலம் மிகுந்த வலிய ஒளி உடலில் மெலட்டோனின் சுரப்பைத் தடுக்கின்றது என்பது ஆராய்ச்சியால் தெளிவாகியுள்ளது. ஒரே இடம் பல வேளைகளில் பல காரியங்களுக்குப் பயன்படுமாயின் அங்கே டிம்மர் தகும். மற்ற இடங்களில் அது அவசியமில்லை. சமையலறையிலும் குளியலறையிலும் படிக்கட்டிலும் சாதாரணச் சுவிட்சே சிறந்தது. கூடத்திலுங்கூட, ஆறு விளக்குகளை இரண்டும் நான்குமாகப் பிரித்து இரு சுவிட்சுகளில் இணைத்துவிட்டால், டிம்மரின் பயனில் பெரும்பகுதி சொற்பச் செலவில் கிட்டும். இவ்வெளிய வழியை முதலில் எடுத்துரைப்பதே நேர்மையான யோசனையாகும்.

டிம்மர் வேண்டுமெனில், அது செயற்படும் விதத்தை அறிதல் அவசியம். இழை பல்புக்கு மின்சாரம் குறைந்தால் இழையின் உஷ்ணம் தணிந்து ஒளி மங்கும். வேறு சிக்கல் இல்லை. எல்.இ.டி. அவ்வாறன்று. நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரத்தை டிரைவர் என்னும் மின்னணுச் சுற்று நேர்திசை மின்சாரமாக்கி, அளவிட்ட மின்னோட்டத்தை எல்.இ.டி.க்கு அளிக்கின்றது. டிம்மரோ மின்னலையின் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஒரு பகுதியை வெட்டி விடுகின்றது. அவ்வெட்டை ஒரு கட்டளையாக உணர்ந்து மின்னோட்டத்தைக் குறைக்கும்படி அமைத்த டிரைவரே டிம்மருக்கு ஏற்றது. அவ்வமைப்பு இல்லாத டிரைவர், குறைந்ததை ஈடுசெய்ய முயன்று தடுமாறும். விளக்கு துடிக்கும், சில வேளைகளில் ரீங்காரமிடும், விரைவில் பழுதடைவதும் உண்டு. மின்விசிறியின் ரெகுலேட்டரில் விளக்கை இணைத்துப் பார்ப்போர் காணும் கோளாறுகளும் இத்தகையனவே. அதனை ஒருபோதும் செய்யலாகாது.

ஏற்ற விளக்காயினும் டிம்மர் பொருந்தாமற் போகலாம். அலையின் முற்பகுதியை வெட்டும் பழைய வகை டிம்மர்கள் நூற்றுக்கணக்கான வாட் இழை பல்புகளுக்காக அமைந்தவை. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சுமையில் அவை ஒழுங்காக இயங்கா. 40 வாட் குறைந்தபட்சச் சுமை வேண்டும் டிம்மரில் 7 வாட் விளக்குகள் இரண்டை மட்டும் இணைத்தால் அவை துடிப்பதில் வியப்பில்லை. அலையின் பிற்பகுதியை வெட்டும் வகை எல்.இ.டி.க்குப் பொதுவாக மேலும் இணக்கமானது. ஆகவே விளக்கையும் டிம்மரையும் தனித்தனியே வாங்காமல், இரண்டையும் கடையிலேயே சேர்த்து எரியவிட்டுப் பார்த்தல் வேண்டும். மிகக் குறைந்த நிலையில் வைத்து அணைத்து மீண்டும் போட்டால் தடையின்றி எரிகின்றதா? ஓசை எழுகின்றதா? கைப்பேசியின் காமிரா வழியே நோக்கும்போது கருமையான பட்டைகள் ஓடுகின்றனவா?

ஆசிரியர்கள் இத்துடிப்பை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். விளக்கொளியில் ஒரு வெண்ணிறக் குச்சியை விரைவாக அசைத்தால், துடிப்பில்லாத ஒளியில் அது தொடர்ச்சியான விசிறிபோல் தோன்றும். துடிக்கும் ஒளியில் தனித்தனிக் குச்சிகளாகத் தோன்றும். வினாடிக்கு 100 முறை நிகழும் துடிப்பை நேரே நோக்கும் கண் உணராவிடினும், சிலருக்கு அது தலைவலியையும் கண்சோர்வையும் விளைவிக்கக்கூடும்.

கண்ணின் இயல்பு இன்னொன்றும் உண்டு. ஒளியின் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தாலும், கண்ணுக்கு அது ஏறத்தாழப் பாதியாகவே தோன்றும். நூற்றில் ஒரு பங்கானால் பத்தில் ஒரு பங்காகத் தோன்றும். எனவே 20 சதவீதம் வரை மட்டுமே குறையும் விளக்கு, இரவில் இன்னும் வெளிச்சமாகவே இருக்கும். எத்துணை கீழே குறையும் என்பதையே முதலில் வினவ வேண்டும். நிறத்தில், கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள இளமஞ்சள் ஒளி உகந்தது. 6500 கெல்வின் வெண்ணொளியை மங்கவைத்தால் அது இதமாவதில்லை. மேகமூட்டம் போன்ற சாம்பல் நிறமே மிஞ்சும்.

விளக்கை எங்கே பதிப்பது என்பதில் கணக்குப் பார்ப்போர் அரியர். கூரைக்கும் மேசைக்கும் இடையே 2.2 மீட்டர் எனில், 36 பாகை விரிவுள்ள விளக்கு மேசைமீது சுமார் 1.4 மீட்டர் அகல வட்டத்திலும், 60 பாகை விரிவுள்ளது சுமார் 2.5 மீட்டர் வட்டத்திலும் ஒளி வீசும். குறுகிய விரிவுள்ளவற்றை அறை முழுதும் நிரப்பினால் தரையில் புள்ளிகளும் இருளுமாகத் தோன்றும். மின்விசிறியை மறப்பது மற்றொரு பிழை. 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கைகளுக்கு மேலே விளக்கு அமைந்தால், சுழலும் நிழல் அறையெங்கும் வெட்டிக்கொண்டேயிருக்கும். எந்த டிம்மரும் அதனைத் தீர்க்காது. விசிறியின் மையத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் பதித்தல் நன்று.

மேற்பகுதியில் காற்றோட்டமற்ற பொய்க்கூரையில், அதுவும் வெயிலில் காயும் மாடித் தளத்தின் அடியில், உஷ்ணம் மிகும். டிரைவரில் உள்ள மின்தேக்கியின் ஆயுள், உஷ்ணம் 10 பாகை செல்சியஸ் உயருந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும். எல்.இ.டி. நன்றாக இருக்கையிலேயே டிரைவர் கெட்டு விளக்கு அணைவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆதலின் அலுமினிய உடலும், தனியே கழற்றி மாற்றத்தக்க டிரைவரும் உடைய விளக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதே வகையில் இரண்டினை உபரியாக வாங்கி வைப்பதும் விவேகம். சில ஆண்டுகள் கழித்து அதே துளை அளவிலும் அதே நிறத்திலும் வேறொன்று கிடைப்பது அரிது. கூரைக்குமேல் கம்பிகளை முறுக்கி நாடா ஒட்டி விடுவது தீ விபத்துக்கு இடமளிக்கும். முறையான இணைப்பிகள் வேண்டும். உலோக உடலுடைய விளக்கெனில் நிலஇணைப்பும் வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை பாதுகாப்பைக் குறிக்கின்றது. நட்சத்திர முத்திரை வாட் ஒன்றுக்குக் கிடைக்கும் ஒளியைக் குறிக்கின்றது. இரண்டும் அவசியம். ஆனால் மங்கவைக்கும்போது விளக்கு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை இரண்டுமே கூறுவதில்லை. "டிம்மபிள்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பியே மக்கள் பணம் செலவிடுகின்றனர். எந்த வகை டிம்மருக்கு ஏற்றது, எத்தனை சதவீதம் வரை குறையும், துடிப்பு எவ்வளவு என்னும் மூன்று விவரங்களும் பெட்டியின்மீது அச்சிடப்படுதல் வேண்டும். வாங்குவோர் இவற்றைக் கேட்கத் தொடங்கினாலன்றி உற்பத்தியாளர் இவற்றை அச்சிடப் போவதில்லை. அவ்வாறு கேட்கும் பழக்கத்தை மக்களிடையே உண்டாக்குவது, கிராமத்துக்கும் பள்ளிக்கும் நாள்தோறும் செல்வோரின் கையிலேயே உள்ளது.