மன்னவனூரிலும் துடிக்க வேண்டும் அந்த வால்வு

உடலைப் பழுதுபார்க்கும் அறிவியலில் இந்தியா முன்னேறி வருகிறது. ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் ஐஐடியும் சிசிஎம்பி ஆய்வகமும் சேர்ந்து, மனிதக் கண்திசுவிலிருந்து எடுத்த பொருளைக்கொண்டு முப்பரிமாண அச்சு முறையில் கருவிழிப் படலம் ஒன்றை உருவாக்கி, 2022இல் முயலின் கண்ணில் பொருத்தின. பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கி, ஆறாத புண்கள்மேல் வைப்பதற்காக திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் தயாரித்த படலத்துக்கு 2023இல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. இவை பாராட்டத்தக்க சாதனைகள். ஆனால் இவற்றின் வெற்றியை ஆய்வகத்திலும் அறுவை அரங்கிலும் மட்டும் அளப்பது போதாது. கொடைக்கானலிலிருந்து மேற்கே சுமார் 35 கி.மீ. தள்ளியிருக்கும் மன்னவனூர் போன்ற மேல்மலை ஊருக்கு நோயாளி திரும்பிய பிறகும், பொருத்தப்பட்ட அந்தப் பொருள் அவரைக் காக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளியின் எஞ்சிய வாழ்நாளில் அது என்னென்ன கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். என் பார்வையில் நம்பத்தக்க அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோலில் முழு மதிப்பெண் பெறும் கருவி ஒன்று நம் பக்கத்திலேயே தயாராகிறது. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் கண்ணாடிக் கூண்டு உடைந்து, அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தபோது, அவற்றைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை லண்டன் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். 1949இல் அந்தப் பொருளிலேயே லென்ஸ் செய்து ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். பல ஆண்டுகள் அது பணக்கார நாடுகளின் வசதியாகவே இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தேவைக்காக 1992இல் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, நூறு டாலரை ஒட்டி விற்ற லென்ஸ் பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பின்னர் இன்னும் மலிவானது. விலை குறைந்தது ஒரு காரணம் என்றால், லென்ஸின் தன்மை இன்னொரு காரணம். சில வாரம் சொட்டு மருந்து, தேவைப்பட்டால் ஒரு கண்ணாடி. பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்தது. எந்த மலையூருக்குத் திரும்பினாலும் அந்த லென்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இதய வால்வின் கதை வேறு. ஏழை வீட்டுக் குழந்தைகளின் தொண்டையைத் தாக்கும் ஒரு கிருமியால் வரும் வாதக் காய்ச்சல், பிற்பாடு இதய வால்வைச் சுருக்கியும் கசியவைத்தும் கெடுத்துவிடுகிறது. இறக்குமதி வால்வு வாங்க வழியில்லாத அந்த நோயாளிகளை மனத்தில் வைத்துத்தான் இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தானின் தலைமையில் ஸ்ரீ சித்திரை நிறுவனம் சொந்த வால்வு ஒன்றைச் செய்யத் துணிந்தது. முதல் மூன்று வடிவங்கள் தேறவில்லை. செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டுகூடக் கைவிடப்பட்டது. கோபால்ட்-குரோமியக் கலவை உலோகக் கூட்டுக்குள் உறுதியான ஒருவகை பாலிஎதிலீன் வட்டு சாய்ந்து திறந்து மூடும் நான்காவது வடிவம்தான், ஆய்வகச் சோதனைகளையும் ஆடுகளில் நடந்த சோதனையையும் கடந்து, 1990 டிசம்பரில் மனித இதயத்துக்குள் போனது. டிடிகே நிறுவனம் தயாரிக்கும் அந்த வால்வு இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. உள்நாட்டு மருத்துவக் கருவிகளின் வரலாற்றில் இதற்கு இணையான சாதனைகள் மிகச் சில.

ஆனால் எந்த நிறுவனம் செய்த உலோக வால்வாக இருந்தாலும், அந்நியப் பொருளின் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். மருந்து குறைந்தால் ரத்தக்கட்டி வட்டை அசையவிடாமல் செய்யும். அல்லது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் தரும். கூடினால் உள்ளுக்குள் ரத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை குறுகியது: ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு, வால்வு இருக்கும் இடத்தைப் பொறுத்து, பொதுவாக 2 முதல் 3.5 வரைக்குள் நிற்க வேண்டும். நிலைப்பட்ட நோயாளியும் ஏறக்குறைய மாதம் ஒருமுறை பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்ய வேண்டும். இதை மன்னவனூரில் வைத்து யோசித்துப் பாருங்கள். பெரிய மருத்துவமனைகள் உள்ள மதுரைக்கு மலைப்பாதையில் சுமார் 150 கி.மீ. ஒரு பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். உணவும் கணக்கில் வரும். முட்டைக்கோசிலும் கீரையிலும் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அவற்றை விலக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். ஆனால் கோசு விளையும் மேல்மலையில் அறுவடைக்காலத்து உணவும் மற்ற மாதங்களின் உணவும் ஒன்றாக இருப்பதில்லை. அறுவையில் பிழைத்தவர், அதற்குப் பிந்தைய கவனிப்பு எட்டாததால் உயிரிழந்தால், பொறியியலின் வெற்றி அவருக்கு எந்த வகையில் உதவியது?

அப்படியானால் உலோகத்தை விட்டுவிட்டு விலங்குத் திசுவில் செய்த வால்வைப் பொருத்தலாமே என்று கேட்கலாம். மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்தவற்றுக்கு, பெரும்பாலும், ஆயுள் முழுக்க இந்த மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் அவை பொதுவாக பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துபோகும். இளையவர்களின் உடலில் இன்னும் விரைவாகச் சுண்ணாம்பு படிந்து இறுகும். வாதக் காய்ச்சல் தாக்குவதோ இளையவர்களை. இருபது வயதுப் பெண் ஒருத்தி உலோக வால்வை ஏற்றால், கருவுற்ற காலத்தில் அந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கும் அபாயத்தோடு வாழ வேண்டும். திசு வால்வை ஏற்றால் முப்பத்தைந்துக்குள் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். உடலோடு சேர்ந்து வளர்ந்து, தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் வால்வு கிடைத்தால் இந்தச் சிக்கல் தீரும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆய்வகத்தில் வளர்த்து உயிரணுக்கள் நீக்கப்பட்ட குழாய்களைக்கொண்டு செய்த வால்வுகள் ஆட்டுக்குட்டிகளின் உடலில் அவற்றோடு வளர்ந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. திசுப் பொறியியல் மிக அதிகமாக உதவக்கூடிய இடம் பெருநகர மருத்துவமனையைவிட, பரிசோதனை எட்டாத மலையூர்தான்.

அந்த வால்வு சீக்கிரம் வந்துவிடும், அதுவரை பொறுக்கலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். அனுபவம் நம்மை எச்சரிக்கிறது. உயிரணு நீக்கிய பன்றி வால்வு ஆடுகளில் நல்ல பலன் தந்த நம்பிக்கையில், ஐரோப்பாவில் 2001இல் நான்கு குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டது. மூன்று குழந்தைகள் இறந்தன. நான்காவது குழந்தையின் வால்வு முன்னெச்சரிக்கையாக அகற்றப்பட்டது. ஆட்டின் உடல் ஏற்றதை மனித உடல் ஏற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஸ்ரீ சித்திரை நிறுவனம் மூன்று தோல்விகளைத் தாங்கி நான்காவதற்குக் காத்திருந்ததே, அந்த நிதானம்தான் இங்கும் வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லையே என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு டாபிகட்ரான் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு, ரத்தக்கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2013இல் வெளியாயின. ஆக, இன்று உலோக வால்வு பொருத்தியவர்களுக்குப் பழைய மாத்திரையும் மாதாந்திரப் பரிசோதனையும்தான் கவசம்.

இன்னொரு மறுப்பு இன்னும் வலுவானது: பெனிசிலின் ஊசி மூலம் வாதக் காய்ச்சலையே தடுக்க முடியும்போது, வால்வுக்கும் திசுவுக்கும் ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? தடுப்பே முதன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. தொண்டைப்புண்ணோடு வரும் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சரியாகக் கவனித்தால் பல வால்வுகள் தப்பும். ஆனால் தடுப்பின் பலன் அடுத்த தலைமுறைக்கானது. ஏற்கெனவே வால்வு கெட்டவர்களும், வால்வு பொருத்தி வாழ்பவர்களும் இப்போது நம்மோடு இருக்கிறார்கள். தவிர, தடுப்புக்கும் தொடர் கவனிப்புக்கும் வேண்டியது ஒரே ஏற்பாடுதான்: வீட்டுக்கு அருகில், மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரு சுகாதாரப் பணியாளர்.

அந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவிகள் உலகில் புழக்கத்தில் உள்ளன. ஜெர்மனியில் பல நோயாளிகள் தாங்களே வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். மேல்மலை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அந்தக் கருவியைக் கொடுத்து, அளவைக் கேட்டு மருந்தின் வீரியத்தைச் சொல்ல மாவட்ட அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரைத் தொலைபேசியில் அமர்த்தினால், 150 கி.மீ. பயணம் பெரும்பாலான மாதங்களில் தேவைப்படாது. கருவியின் பட்டைகளுக்குச் செலவாகும் என்பது உண்மை. ஒரு பக்கவாத நோயாளியைப் படுக்கையில் வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவையும், அந்தக் குடும்பம் இழக்கும் வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சிறியது.

ஆய்வுக்கு நிதி தருபவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. புதிய வால்வையோ திசுவையோ உருவாக்கும் ஒவ்வொரு திட்டமும், நோயாளி வீடு திரும்பிய பின் என்ன மருந்து, எத்தனை பரிசோதனை, எவ்வளவு பயணம் என்ற கணக்கை முதல் நாளிலேயே எழுதித் தர வேண்டும். இத்தகைய ஆய்வுக்கு மேல்மலையும் உதவ முடியும்: இதய வால்வு ஆய்வில் முக்கியச் சோதனை விலங்கு செம்மறியாடு. மன்னவனூரிலேயே மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. நன்கு பராமரித்த மந்தைகளுக்கும் வால்வு ஆய்வகங்களுக்கும் இடையே தொடர்பு உண்டாக்குவது பயனுள்ள முதலீடு. ஆனால் அவசர வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. வால்வு பொருத்தியவர்களின் பட்டியலை வட்டார வாரியாகத் தயாரித்து, மக்களைத் தேடி மருத்துவத்தில் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் அதற்கான மாத்திரையையும் தமிழ்நாடு அரசு சேர்க்க வேண்டும். கொடைக்கானல் மேல்மலையிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.