சாய்வை இறக்குமதி செய்யலாம், தாழ்ப்பாள் கூடாதா?

சாய்வு மேடையில் நிற்கும் சக்கரச் செட்டைத் தரையோடு பூட்டச் சொல்வது மேல்நாட்டுப் பயந்தாங்கொள்ளித்தனமாம். நம் மரபில் அதற்குத் தேவையே இருந்ததில்லையாம். மயிலாப்பூர் நாடக நண்பர் ஒருவர் இப்படி முழங்கியிருக்கிறார். எந்த மரபு, ஐயா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அரங்குக்கு அளவு சொல்லி மூவகை எழினியை வைக்கிறது. நாட்டிய சாஸ்திரமோ ஆமை முதுகும் ஆகாது, மீன் முதுகும் ஆகாது, கண்ணாடிபோல் சமமாயிரு என்று தரைக்கே கட்டளையிடுகிறது. முன்பக்கம் சரியும் மேடை 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சரக்கு. 1545இல் செர்லியோ அதைப் படம் போட்டே விளக்கிவிட்டார். ஆக, சாய்வை அங்கிருந்து வாங்கலாம், அதைச் சமாளிக்கும் தாழ்ப்பாள் மட்டும் அந்நியமாகிவிடுமா?

சக்கரமும் எடையும் சேர்ந்த மரபுதான் வேண்டுமென்றால், பங்குனியில் தம் வீட்டு வாசலுக்கு வந்து கபாலீசுவரர் தேரை அவர் பார்த்திருக்கலாம். முட்டுக்கட்டை போடுகிறவர்களை நம்பித்தான் அது மாடவீதி திரும்புகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் கட்டை ஓய்வு பெறவில்லை. பிரேக்கை நம்பிக் கட்டையைத் தூக்கியெறியும் துணிச்சல் சாமியையே இழுக்கிறவர்களுக்கு வரவில்லை. நம் நண்பருக்கு வந்திருக்கிறது.

இனி அவருடைய பிரம்மாஸ்திரம்: 'காஸ்டர் சக்கரத்தில்தான் பிரேக் இருக்கிறதே!' இருக்கிறது. 16 அடிக்கு 1 அடி சரிவில், ஐந்து நடிகர்களோடு 600 கிலோ எடையுள்ள செட்டைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 37 கிலோ. அதாவது ஒன்றரை அரிசி மூட்டை, இடைவேளையே இல்லாமல். சாதாரண காஸ்டரின் பிரேக் சக்கரம் உருள்வதைத்தான் தடுக்கும். கழுத்து திரும்புவதைத் தடுக்காது, பெயின்ட் அடித்த பிளைவுட்டில் நைலான் வழுக்குவதையும் தடுக்காது. நாலு கால் செட் மேடுபள்ளத் தரையில் மூன்று காலில் நிற்கும். தொங்குகிற நாலாவதில்தான் பிரேக் இருந்தால்? இதற்கும் மேலே போய், பார்வையாளர் கண்ணில் படாதபடி பின் சக்கரங்களில் மட்டும் பிரேக் போதும் என்கிறார். சரிவில் எடை முன்னால் சாயும், பின் சக்கரத்தின் பிடி தளரும் என்பது பள்ளிப் பையனுக்கும் தெரிந்த கணக்கு. பிடி எங்கே குறைகிறதோ அங்கே பார்த்துப் பிரேக்கை மாட்டச் சொல்வதற்குத் தனி மேதைமை வேண்டும்.

ஆர். எஸ். மனோகரை வேறு துணைக்கு இழுக்கிறார். ஒரு நொடி பிசகினாலும் பல்லிளித்துவிடும் தந்திரக் காட்சிகளால் பேர் வாங்கிய குழு அஜாக்கிரதையால் வளர்ந்தது என்பது புகழ்ச்சியா, அவதூறா?

சபா தரையில் துளை போட விடமாட்டார்கள் என்பது நியாயம்போல் ஒலிக்கும் ஒரே வாதம். ஆனால் நம் சபா மேடைகள் பெரும்பாலும் சமதளம். சாய்வே நாம் மேலே கட்டுகிற பிளைவுட் தளம்தான். துளையை அதில் போட்டு, செட்டிலிருந்து தாழ்ப்பாளை இறக்கலாம். சரிவுக்கேற்பச் சீவிய ஆப்பைச் சக்கரத்தின் கீழ்ப்பக்கம் வைத்துத் திருகலாம். இன்னும் உத்தமம், சக்கரத்தைத் தூக்கிவிட்டுச் செட்டைச் சொந்தக் காலில் உட்கார வைப்பது. மேல்பக்கத்தில் ஒரு கம்பிவடம் இருந்தால், ஒன்று விட்டாலும் மற்றொன்று பிடிக்கும். சபா செயலாளர் இதில் எதற்கு ஆட்சேபம் சொல்வார்?

'இதுவரை விபத்தே நடந்ததில்லை' என்பதற்குப் பதில் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். அவருடைய நேரப் பஞ்சத்தைத்தான் கவனிக்க வேண்டும்: பூட்டிக்கொண்டிருந்தால் காட்சி மாற்றம் தாமதமாகுமாம், ஹால் வாடகை ஏறுமாம். அப்பாடா, மரபு போய்ப் பில் வந்துவிட்டது! இடைவேளைக்குப் பின் சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கொரு கேடயம் கொடுத்து, ஆளுக்கொரு உரையும் கேட்டு முக்கால் மணி நேரம் கரைக்கும்போது அந்த வாடகை மீட்டர் நின்றுவிடுகிறதா?