பீஸ் கட்டை யாருடைய பொறுப்பு?

விழிதியூர் போன்ற காரைக்கால் பக்கத்து ஊர்களில் பழைய வீட்டை லீஸுக்கு எடுப்பவர்கள் கூடத்தைப் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள். மீட்டருக்குக் கீழே இருக்கும் பீங்கான் பீஸ் கட்டையை மட்டும் பார்ப்பதில்லை. அது அடிக்கடி போகும்போதுதான் பேச்சே வரும்.

"இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்பார் வீட்டுக்காரர். "என் வீடா இது, நான் ஏன் செலவு பண்ணணும்?" என்பார் குடியிருப்பவர். கடைசியில் பீஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அப்புறம் பீஸ் போகாது. சுவருக்குள் ஓடும் ஒயர்தான் சூடாகும்!

எம்.சி.பி. போட்டால் லோடு கூடினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ தானே விழுந்துவிடும். ஆனால் மனிதன்மேல் பாயும் கரண்டை அது கண்டுகொள்ளாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். கடலோர ஈரத்தில் இது ஆடம்பரம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108-இன்படி, உரிமையாளர் தான் செய்யவேண்டிய பழுதைச் சொல்லியும் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். சரி, மொத்தப் பணத்தையும் முன்பே கொடுத்தவர் எந்த வாடகையில் கழிப்பது?

ஆகவே பத்திரம் எழுதும்போதே ஒரு வரி சேர்க்க வேண்டும்: போர்டு, ஒயரிங், எர்த் மூன்றும் உரிமையாளர் செலவு. குடியிருப்பவர் காலி செய்து போனாலும் போர்டு அந்த வீட்டோடுதானே இருக்கப்போகிறது? ஆனால் அதுவரை ஈரக்கையோடு சுவிட்சைத் தொடப்போவது குடியிருப்பவர் வீட்டுப் பிள்ளைதான்.