பத்து ரன்னுக்குக் கத்தினோம்... ஒரு கோப்பைக்கு வாய் திறந்தோமா?

2024 மே 18, சனிக்கிழமை இரவு. திருவண்ணாமலை தேரடித் தெருப் பக்கம் ஒரு டீக்கடை. கடை மூடும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. பிஸ்கட் பாட்டில் மேல் சாய்த்து வைத்த ஒரு செல்போனைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறோம். பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஆர்.சி.பி., சி.எஸ்.கே. ஆட்டத்தின் கடைசி ஓவர்.

சென்னை ஜெயிக்க 35 ரன் வேண்டும். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "பதினேழு அடிச்சா போதும்ணா, தோத்தாலும் உள்ள போயிடலாம்" என்பதுதான் பேச்சு. யஷ் தயாள் போட்ட முதல் பந்தை தோனி சிக்ஸருக்குத் தூக்கினார். தெருவே அதிர்ந்தது. அடுத்த பந்தில் அவுட். அதோடு சத்தம் அடங்கிவிட்டது. ஆர்.சி.பி. 218, சென்னை 191. 201-ஐத் தொட்டிருந்தால் தோற்றும் தகுதி பெற்றிருக்கலாம். பத்து ரன் குறைந்தது.

அதற்கப்புறம்தான் உண்மையான ஆட்டமே தொடங்கியது. "முதல் எட்டு மேட்ச்ல ஏழு தோத்த டீமுக்கு பிளே-ஆஃப் கேக்குதா?" என்று ஒரு தம்பி கேட்க, பெங்களூருவில் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிக்கு ஊருக்கு வந்திருந்த ஒருவர், "அப்புறம் வரிசையா ஆறு ஜெயிச்சோமே, அது கண்ணுக்குத் தெரியலையா மச்சி?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: 'தகுதி'.

அந்தத் தகுதியை யார் தீர்மானிப்பது? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

0.067 என்றால் எவ்வளவு?

லீக் சுற்று முடிந்தபோது ஆர்.சி.பி., சி.எஸ்.கே., டெல்லி, லக்னோ ஆகிய நான்கு அணிகளும் 14 புள்ளிகளில் நின்றன. காலியாக இருந்த இடம் ஒன்றுதான். நெட் ரன் ரேட் பார்த்தார்கள். ஆர்.சி.பி. +0.459, சி.எஸ்.கே. +0.392. வித்தியாசம் 0.067.

நெட் ரன் ரேட் கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. சீசன் முழுக்க ஓர் அணி ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் எடுத்தது, எத்தனை ரன் கொடுத்தது என்பதைக் கழித்தால் வருவது. ஆல் அவுட் ஆகிவிட்டால் மட்டும், எத்தனை ஓவரில் சுருண்டாலும் முழு ஓவரும் ஆடியதாகவே கணக்கு. 15 ஓவரில் 120-க்குச் சுருண்ட அணிக்கு ரன் ரேட் 8 அல்ல, 6.

ஓர் அணி 14 ஆட்டத்திலும் 20 ஓவர் ஆடினால் 280 ஓவர். அதில் 0.067 என்பது சுமார் 19 ரன். இரண்டு மாதம் ஆடிய ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவுதான். நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தில் ஒரு ரன் கூடினால் இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் இறங்கும். அதனால்தான் அந்த இரவின் பத்து ரன் கணக்கில் இருபதாக விழுந்தது.

கணக்கு சரி, அட்டவணை சரியா?

அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஐ.பி.எல்.லில் 10 அணிகள். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை மோதினால் ஆளுக்கு 18 ஆட்டம் வரும். ஆனால் நடப்பது 14 தான். ஐந்து அணிகளோடு இரண்டு முறை, மீதி நான்கு அணிகளோடு ஒரே ஒரு முறை.

2024-ல் கோப்பையை வென்ற கொல்கத்தாவை ஆர்.சி.பி. லீக் சுற்றில் இரண்டு முறை சந்தித்தது, இரண்டிலும் தோற்றது. அதில் ஒரு தோல்வி ஒரே ரன்னில். சென்னைக்குக் கொல்கத்தாவோடு ஒரே ஆட்டம்தான், அதில் சென்னை ஜெயித்தது. ஆனால் லக்னோவை சென்னை இரண்டு முறை சந்தித்து இரண்டிலும் தோற்றது. ஆர்.சி.பி.க்கு லக்னோவோடு ஒரே ஆட்டம். ஆக, 14 புள்ளி என்று ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் இரண்டு அணிகளும் எழுதியது ஒரே கேள்வித்தாள் இல்லை.

அப்படியென்றால் இது அநியாயமா? குறை என்று சொல்லலாம், அநியாயம் என்று சொல்ல மாட்டேன். யார் யாரோடு எத்தனை முறை ஆட வேண்டும், சமன் ஆனால் எதைப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் முதல் பந்து போடுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். கடைசி ஓவரில் 17 ரன் போதும் என்பது டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. விதி கசக்கலாம். ஆனால் அது ஒளித்து வைக்கப்படவில்லை.

13 ஆட்டம் ஜெயித்தும் வெளியே

இதற்கு நேர்மாறான ஒரு கதை அமெரிக்காவில் நடந்தது. அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான அமெரிக்கன் ஃபுட்பால், நம்மூர் ஐ.பி.எல். மாதிரி ஒரு பித்து. உயர்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். ஆளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டம்தான் கிடைக்கும். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. அதனால் புள்ளிப் பட்டியல் பதில் சொல்லாது. 13 பேர் கொண்ட தேர்வுக் குழு உட்கார்ந்து, யார் பிளே-ஆஃப் போவது என்று முடிவு செய்கிறது.

2023 சீசனில் இடம் நான்குதான். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஆடிய 13 ஆட்டத்தையும் ஜெயித்தது. ஆனால் அதன் முக்கிய வீரர் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காயம்பட்டு வெளியேறியிருந்தார். 'அவர் இல்லாமல் இந்த அணி முன்பிருந்த அணி அல்ல' என்று குழு கணித்தது. ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமா உள்ளே போனது. எல்லாவற்றையும் ஜெயித்த அணி வெளியே நின்றது.

குழுவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கடினமான எதிரிகளோடு ஆடிய அணியையும், சுலபமான அட்டவணை கிடைத்த அணியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பிறகு ஜார்ஜியாவிடம் ஃபுளோரிடா ஸ்டேட் 63-3 என்று தோற்றபோது, "பாத்தீங்களா?" என்றவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆட்டத்தில் அந்த அணியின் முன்னணி வீரர்கள் பலர் இறங்கவே இல்லை. கோப்பைக்கான வாய்ப்பு போன பிறகு எதற்காக ஆடுவது?

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஓர் அணி செய்ததை எண்ணலாம், இனி என்ன செய்யும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். பரீட்சையில் நூறு வாங்கிய பையனிடம், "உனக்குக் காய்ச்சல், அடுத்த பரீட்சை சரியா எழுத மாட்டே" என்று சொல்லி சீட்டை வேறு பையனுக்குக் கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா? 2024-லிருந்து அங்கே பிளே-ஆஃப் இடங்கள் 12 ஆகிவிட்டன. நான்கிலிருந்து பன்னிரண்டு என்ற முடிவு அந்தச் சம்பவத்துக்கு முன்பே எடுக்கப்பட்டதுதான். ஆனால் அது ஏன் தேவை என்பதை அந்த ஒரு டிசம்பர் எல்லோருக்கும் காட்டிவிட்டது. இப்போது விவாதம் பன்னிரண்டாவது இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம்ம வீட்டுக் கதை

சரி, அமெரிக்கா தூரம். கோயம்புத்தூர் பக்கம்தானே?

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. ஜெயித்தால் சாம்பியன். கொஞ்சம் சறுக்கினாலும் அதே நாளில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தட்டிச் செல்லும். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டது. பிறகு பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

உலகின் பெரும்பாலான கால்பந்து நாடுகளில் இரண்டாம் படியில் ஜெயித்தவர் முதல் படிக்கு ஏறுவார். இங்கே ஐ-லீக்குக்குப் பக்கத்திலேயே பெரிய பணத்தோடு ஐ.எஸ்.எல். ஓடிக்கொண்டிருந்தது. சாம்பியனுக்கு அதில் இடம் இல்லை. புள்ளி குறைந்ததாலோ, குழு மறுத்ததாலோ அல்ல. ஏறுவதற்குப் படியே கட்டப்படவில்லை. அங்கே இடம் என்பது கட்டணம் கட்டிய அணிக்கு.

2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் போனது யார் தெரியுமா? அந்த ஒரு புள்ளியில் பின்தங்கிய அதே ஈஸ்ட் பெங்கால். புதிய முதலீட்டாளர் கிடைத்ததும் கதவு திறந்தது. ஈஸ்ட் பெங்கால் நூறாண்டு கண்ட கிளப், லட்சக்கணக்கான ரசிகர்கள். அவர்கள் உள்ளே போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் களத்தில் அவர்களை முந்திய அணிக்கு அந்த வழி தெரியவில்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில்கூட சென்னை சிட்டியின் பெயர் இல்லை.

ஐ-லீக்கில் ஜெயித்து மேலே ஏறும் வழி 2022-23 சீசனில்தான் வந்தது. முதலில் ஏறியது பஞ்சாப். கோவை சாம்பியனுக்கு அது நான்கு வருடம் தாமதம். மேலிருந்து கீழே இறங்கும் வழியோ 2024-25 சீசன் வரை ஒரு முறைகூடப் பயன்படவில்லை. 'பணம் போட்டவருக்குப் பாதுகாப்பு வேண்டாமா' என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் தோற்றாலும் இறங்க மாட்டோம் என்ற உத்தரவாதம் இருந்தால், கடைசி இடத்துக்கான ஆட்டத்தை யார் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்?

வரிசை நகரணும்

பௌர்ணமி அன்றைக்கு எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு, அப்புறம் தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்பார்கள். கால் வலிக்கும், வியர்க்கும், முன்னால் நிற்பவரோடு வாய்த்தகராறும் வரும். ஆனாலும் ஏன் நிற்கிறார்கள்? மெதுவாகவேனும் வரிசை நகரும் என்ற நம்பிக்கைதான். நகராத வரிசையில் யாரும் நிற்க மாட்டார்கள்.

விளையாட்டிலும் அதே கதைதான். நெட் ரன் ரேட் என்பது நகரும் வரிசை. சில சமயம் எரிச்சலூட்டும், ஆனால் நம்முடைய இடம் நமக்குத் தெரியும். தேர்வுக் குழு என்பது வாசலில் ஒருவர் நின்று முகம் பார்த்து அனுப்புவது. பூட்டிய லீக் என்பது வாசலே இல்லாத சுவர்.

அன்றைய இரவு பத்து ரன்னுக்காக விடிய விடிய கத்தினோம். அதில் தப்பில்லை, ரசிகன் என்றால் கத்தத்தான் வேண்டும். ஆனால் 2019 மார்ச்சில் கோவை ஜெயித்தபோது நம் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு ஸ்டேட்டஸ் வந்ததா? 'ஏன் மேலே போகல?' என்று யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை. அதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பூட்டிய கதவு தானாகத் திறப்பதில்லை. ரசிகர்கள் அதிகம் கேள்வி கேட்கும் விளையாட்டில்தான் விதிகள் மாறியிருக்கின்றன. அடுத்த முறை டீக்கடையில் 'யாருக்குத் தகுதி' என்று சண்டை வரும்போது, அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள்: "தகுதி இருக்கு சரி, போறதுக்கு வழி இருக்கா?"