குறை வண்டியில், பழி பட்டறையில்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

ஒரு கார் நன்றாக ஓடினால் அதைத் தயாரித்த கம்பெனிக்குப் புகழ். அதே கார் பழுதாகி, பழுது பார்த்த பின்னும் மறுபடி பழுதானால், கை வைத்த மெக்கானிக்குக்கு வசவு. இந்த நியதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆனாலும் உலகெங்கும் அமுலில் இருக்கிறது. "அவன் சரியாகப் பார்க்கவில்லை" என்று சொல்வது எளிது. "அந்த வண்டி பிறந்ததே அப்படித்தான்" என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கிய பொருளைக் குறை சொல்வது நம்மையே குறை சொல்லிக்கொள்வது போல அல்லவா இருக்கிறது!

ஆராய்ச்சிக் கூடங்களும் ஆயிரக்கணக்கான எஞ்சினியர்களும் உள்ள பெரிய கம்பெனியின் வண்டி பிறவிக் குறையோடு வெளிவருமா என்று நண்பர்கள் கேட்கலாம். வந்திருக்கிறது. ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு கியர் பாக்ஸின் கதையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி 2010, 2011 ஆண்டுகளில் ஃபியஸ்டா, ஃபோகஸ் என்னும் சிறிய கார்களை 'பவர்ஷிஃப்ட்' என்ற தானியங்கி கியர் பாக்ஸுடன் தன் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வழக்கமான தானியங்கி வண்டிகளில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்னும் எண்ணெய் நிரம்பிய உறுப்பு இருக்கும். அது கொஞ்சம் பெட்ரோலை விழுங்கும். ஆனால் வண்டியை மெத்தென்று இழுக்கும். பவர்ஷிஃப்டில் அது கிடையாது. அதற்குப் பதில் இரண்டு கிளட்ச்சுகள். ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரண்டு, நான்கு, ஆறாம் கியர்களுக்கு மற்றொன்று. ஒன்று விலகும்போதே மற்றது பற்றிக்கொள்ளும். ஓட்டுபவர் காலால் மிதிக்க வேண்டிய வேலையை ஒரு சிறு கணிப்பொறி செய்யும். பெட்ரோல் மிச்சம். கருத்து மிக அழகானது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதை நான் ரசிக்கவே செய்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த இரண்டும் உலர் கிளட்ச்சுகள். எண்ணெயில் குளித்துக்கொண்டிருப்பவை அல்ல. உலர்ந்த இரு பரப்புகள் ஒன்றையொன்று பற்றுவது உராய்வினால். உராய்வு எங்கும் ஒரே சீராக இருந்தால்தான் வண்டி அலுங்காமல் கிளம்பும். கியர் பாக்ஸ் தண்டில் உள்ள ஆயில் சீல் கசிந்து, கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டால் போதும். ஒரு கணம் பிடிக்கும், மறுகணம் வழுக்கும். பிடித்து வழுக்கி, பிடித்து வழுக்கி வண்டியே உதறத் தொடங்கும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கேட்கவே வேண்டாம். கார் ஓட்டப் பழகும்போது "ஆஃப் கிளட்ச்சில் ஓட்டாதே" என்று தலையில் குட்டாத குறையாக மாஸ்டர் சொல்வார். இந்த வண்டியிலோ கணிப்பொறியே ஆஃப் கிளட்ச்சில்தான் ஓட்ட வேண்டியிருந்தது! போதாக்குறைக்கு அந்தக் கணிப்பொறிப் பெட்டியும் பல வண்டிகளில் கெட்டு, ஓடிக்கொண்டிருந்த கார் இழுவை இழந்தது.

புகார் வந்தது. மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்கினார். சீலை மாற்றினார், கிளட்ச் செட்டை மாற்றினார், மறுபடி ஏற்றினார். சில மாதங்கள் கழித்து அதே வண்டி அதே உதறலோடு அவர் முன்னால் வந்து நின்றது. கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவது பிளக் துடைத்து மாட்டுவது போன்ற வேலை அல்ல. இறக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த முதுகு வலி தெரியும். கம்பெனி சும்மா இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சீலைத் திருத்தியது, கிளட்ச்சின் உராய்வுப் பொருளை மாற்றியது, கணிப்பொறிக்குப் புதிய கட்டளைகளை எழுதித் தந்தது, 2014-இல் அந்தப் பாகங்களுக்கு மட்டும் வாரண்டியை 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது. ஆனால் வடிவமைப்பு பழைய வடிவமைப்புதான். வண்டிகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன.

எத்தனை முறை திரும்பி வந்தன என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்க உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2020-இல் சமரசமாக முடிந்தது. கியர் பாக்ஸ் பாகங்களை எத்தனை முறை மாற்ற நேர்ந்தது என்பதை வைத்து இழப்பீடு நிர்ணயித்தார்கள். முதல் இரண்டு முறைக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது முறைக்கு 200 டாலர் என்று தொடங்கி, எட்டாவது முறை வரைக்கும் ஏறிக்கொண்டே போகிறது அந்த அட்டவணை. எட்டு முறை! அந்த எட்டு முறையும் வண்டிக்கு அடியில் படுத்தவரைப் பற்றி அந்த அட்டவணையில் ஒரு வரி கிடையாது. எட்டு முறையும் ஏச்சு வாங்கியவரும் அவர்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாட்டில் டீலர்களிடம் வேலை செய்யும் மெக்கானிக்குகள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த நேரத்துக்குத்தான் கூலி. வாரண்டி வேலைக்கு அந்த நேரத்தை நிர்ணயிப்பது கார் கம்பெனி. அது பெரும்பாலும் வாடிக்கையாளர் காசு கொடுத்துச் செய்யும் வேலைக்கான நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆக, கம்பெனி செய்த தவறுக்கு வாடிக்கையாளர் நேரத்தால் பணம் கட்டினார். மெக்கானிக் கூலியால் பணம் கட்டினார். நம் ஊரில் இதைத்தான் 'தண்டம் அழுவது' என்பார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறைத்த இடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களை வாங்கியவர்கள் உதறலைப் பற்றி முறையிட்டபோது, "நீங்கள் ஓட்டும் முறைதான் காரணம்" என்று பலருக்குப் பதில் சொல்லப்பட்டது. கியர் பாக்ஸில் தரக் குறைபாடு இருப்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்த காலத்திலேயே இப்படிச் சொல்லப்பட்டது என்பதுதான் வேதனை. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டின் ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. விற்பனைக்கு வருமுன்பே கம்பெனிக்குள்ளேயே இந்த கியர் பாக்ஸைப் பற்றி எச்சரிக்கைகள் எழுந்தன என்று 2019-இல் 'டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்' நாளேடு உள் ஆவணங்களைக் காட்டி விரிவாக எழுதியது. எழுந்த குரலை அமுக்கிவிட்டு, பின்னால் வந்த குரலைப் பார்த்து "உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்றார்கள்!

எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டின் தொழிற்சாலை இருந்ததும், 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றதும் நாம் அறிந்ததே. இந்தியாவில் விற்ற பெட்ரோல் ஈகோஸ்போர்ட் தானியங்கி வண்டிகளிலும் 2013 முதல் 2017 வரை பவர்ஷிஃப்டே இருந்தது. பிறகு டார்க் கன்வெர்ட்டருக்கே மாறினார்கள்.

இதில் எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கேட்டால், காரணம் உண்டு. எங்கள் அப்பா மெக்கானிக். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர். அவருடைய வருமானத்தில்தான் எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாக நான் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு கம்பெனியின் சிறிய சரக்கு வண்டி எங்கள் வட்டாரத்தில் நிறைய ஓடுகிறது. அதில் முன் இடது சக்கரத்து பேரிங் அடிக்கடி போகும். "என்னண்ணே, போன மாசந்தானே மாத்துனீங்க?" என்று கேட்டபடி வந்து நிற்பார்கள். அப்பா புதிய பேரிங்கைத்தான் போட்டிருப்பார். நம்புகிறவர் யார்? மூன்று வாடிக்கையாளர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் அதே பேரிங் போயிற்று என்பது வேறு கதை.

அப்பா ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், என்ன பழுது, எந்தப் பக்கம். ஒன்பது வண்டிகள், ஒன்பதிலும் இடது பக்கம், வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. கம்பெனி ஆள் ஒருவர் ஊருக்கு வந்தபோது அதைக் காட்டினார். அவர் நோட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. "ஓவர்லோடு" என்றார். லோடு அதிகம் என்றால் வலது சக்கரத்து பேரிங்கும் சேர்ந்து போக வேண்டாமா? நம் சாலைகள் இடப்பக்கம் சரிந்திருப்பது காரணமாக இருக்கலாம் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதே சாலையில் அதே லோடு ஏற்றி ஓடும் மற்றக் கம்பெனி வண்டிகளுக்கு இது வருவதில்லையே!

அளவீட்டுப் பிழைகள் இரு வகை என்று ஆய்வகத்தில் முதல் வாரமே சொல்லித் தருகிறார்கள். ஒழுங்கற்ற பிழை ஒன்று. முறையான பிழை மற்றொன்று. முதலாவது கை நடுங்கினால், கண் தவறினால் வருவது. ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும். இரண்டாவது கருவியிலேயே இருப்பது. திருகு அளவியின் சுழிப் பிழையைக் கவனிக்காமல் நூறு முறை அளந்தாலும் நூறு முறையும் ஒரே பக்கம்தான் தவறும். அதற்காக மாணவனைத் திட்டிப் பயனில்லை. மெக்கானிக்கின் கவனக்குறைவு முதல் வகை. அது ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறும். ஒன்பது வண்டிகளில் ஒரே பக்கம் தவறினால் அது எந்த வகை என்று முதலாண்டு மாணவனுக்கே தெரியும். ஏழாம் வகுப்புப் படித்தவர் எழுதிய அந்த நோட்டு, நான் பார்த்த நல்ல செய்முறைப் பதிவேடுகளில் ஒன்று.

எல்லா மெக்கானிக்குகளும் அரிச்சந்திரர்கள் என்று நான் வாதாட வரவில்லை. தன் கைத்தவறைக் கம்பெனி மேல் போடுகிறவர்களும் உண்டு; மாற்றாத பாகத்துக்குப் பில் போடுகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு பட்டறைக்காரர் பேச்சையும் கேட்டுக் கம்பெனி வண்டியை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பதும் சரியே. ஒருவர் சொன்னால் அது அபிப்பிராயம். ஒருவரையொருவர் அறியாத நூறு பட்டறைகளிலிருந்து ஒரே பேச்சு வந்தால் அதற்குப் பெயர் தரவு. அதைத் திரட்ட யாரும் முன்வரவில்லை என்பதுதான் என் குறை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, வாரண்டிக் கோரிக்கைகளின் எண்ணிக்கையையும் களத்திலிருந்து வரும் அறிக்கைகளையும் கம்பெனிகள் அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். அங்கேயே பவர்ஷிஃப்ட் கதை நடந்தது என்றால், இங்கே கேட்பானேன்!

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் அமுலுக்கு வந்தன. அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகலாம். நல்லதுதான். ஆனால் அந்தக் குறை சுற்றுச்சூழலுக்கோ, வண்டியில் இருப்பவர்களுக்கோ, சாலையில் செல்பவர்களுக்கோ தீங்கு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மாதாமாதம் பேரிங் மாற்றிக் கடனாளியாகிறவரின் தீங்கு அதில் சேராது. குறையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவர்கள் யார் என்பதையும் சட்டம் சொல்கிறது. குறிப்பிட்ட விழுக்காடு உரிமையாளர்கள், சோதனை நிறுவனம், மூன்றாவதாக, 'வேறு எந்த மூலமும்'. ஒரு உரிமையாளர் பார்ப்பது தன் ஒரு வண்டியை. சோதனை நிறுவனம் பார்ப்பது சோதனைக்கு வந்த வண்டியை. பழைய வண்டி, புது வண்டி, லோடு வண்டி என்று ஒரே ரகத்தில் ஐம்பதைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்கோ அந்த 'வேறு எந்த மூலமும்' என்ற சொற்களுக்குள் பெயரில்லாமல் ஒண்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயரைச் சட்டத்தில் எழுதட்டும். புகார் பதியும் இடத்தில் 'பழுது பார்த்தவர் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கட்டும். டீலர்களுக்குக் கம்பெனி அனுப்பும் பழுதுக் குறிப்புகள் தெருவோரப் பட்டறைக்கும் கிடைக்கட்டும். இவையெல்லாம் டில்லியில் ஆக வேண்டிய காரியம். நம்மால் ஆவது ஒன்று இருக்கிறது. நம் கல்லூரியைச் சுற்றியே பஸ் நிலையம் வரைக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைகிறோம். துறைப் பேராசிரியர்கள் அனுமதித்தால், அடுத்த ஆண்டு நாலைந்து பேர் சேர்ந்து ஆறு மாதம் அந்தப் பட்டறைகளில் ஒரே மாதிரியான பதிவேடு வைக்கலாம்: வண்டி ரகம், தயாரித்த ஆண்டு, கிலோமீட்டர், போன பாகம், எந்தப் பக்கம், எத்தனையாவது முறை. அப்பாவின் நோட்டிலிருந்து கட்டங்களைக் காப்பியடித்து மாதிரிப் பக்கம் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் இயற்பியல் ஆய்வக வராந்தாவில் என்னைப் பார்க்கலாம்.