மணிக்கட்டில் இல்லாத தசைநாண்

கோலா சாவா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பழகிய ஒருவரின் கையைப் பாருங்கள். பெருவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றுசேர்த்து மணிக்கட்டைச் சற்றே உள்பக்கமாக மடக்கச் சொன்னால், நடுவில் ஒரு நாண் விறைத்து எழும். அதுதான் பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையின் நாண். சிலருக்கு எழாது, பிறவியிலேயே அந்தத் தசை கிடையாது. உளி பிடிக்கவோ வாளி தூக்கவோ அது இல்லாதது ஒரு குறையே அல்ல. ஆனால் செம்பனைக் குலை அறுக்கும்போது அரிவாள் பட்டு விரல் நாண் அறுந்துபோனால், ஒட்டுவதற்காக அறுவை மருத்துவர் முதலில் தேடுவது பெரும்பாலும் இதைத்தான்.

அது இருக்கிறதா என்று சோதிக்காமல் கத்தி வைப்பது பேராபத்து. அதற்கு அடியிலேயே நடுநரம்பு ஓடுகிறது. நாண் என்று எண்ணி நரம்பையே வெட்டி எடுத்துவிட்ட நேர்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. கையை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்?

மலேசிய எலும்பியல் இதழில் 2007இல் வந்த ஆய்வு ஒன்று, சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 450 பேரின் கைகளைச் சோதித்தது. இந்தத் தசை இல்லாதவர்கள் மொத்தத்தில் 9.3 விழுக்காடு; சீனரில் 6.0, மலாய்க்காரரில் 11.3, இந்தியரில் 10.7. மேலைநாட்டுப் பாடநூல்களோ ஏறத்தாழ 15 விழுக்காடு என்கின்றன. இனத்துக்கு 150 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்து இனங்களைப் பற்றி முடிவு கட்டக் கூடாது. பாடநூல் எண்ணை அப்படியே நம் வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதற்கு மட்டும் இது போதும்.

கல்லீரலிலும் இதே கதைதான். உடற்கூறியலாளர் மிச்சல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து 1966இல் வெளியிட்ட வகைப்பாட்டில், நூலில் வரையப்படும் தமனி அமைப்பு 55 விழுக்காட்டினருக்கே இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு மாற்றம். பித்தப்பை அறுவையில் கை வைக்கும் இளம் மருத்துவர் இதை எங்கே கற்றார்? பிளாஸ்டிக் மாதிரியிலும் திரையிலும் கற்றிருந்தால், ஒரே உடலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார். அறுப்புக் கூடத்தில் பத்து மேசை இருந்தால் பத்து விதமான உடல்கள். பக்கத்து மேசையில் தமனி வேறு வழியாகப் போவதைக் கண்ட மாணவர் அதை மறப்பதில்லை. அறுப்பு மணிநேரத்தைக் குறைப்பது சிக்கனம் என்று எவர் சொன்னாலும் இவ்விதழ் ஏற்காது.

அறுப்புக்கு உடல் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் தைவானின் ட்ஸூ சி அமைப்பினரைப் பின்பற்றி 2012இல் தொடங்கிய ‘சைலண்ட் மென்டர்’ உடற்கொடைத் திட்டத்தில், மாணவர்கள் கொடையாளரின் குடும்பத்தைச் சந்தித்து அவர் வாழ்வை அறிந்த பிறகே உடலைத் தொடுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. உடலைக் கொடுத்தால் காரியம் செய்ய முடியாதே என்று தயங்கும் நம் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு. கேட்பாரற்று அநாதையாகக் கிடக்கும் ஏழையின் உடலை மட்டுமே நம்பி நடத்தும் வகுப்பு, முதல் நாளிலேயே மாணவருக்குத் தவறான பாடம் நடத்துகிறது.

உயிரோடு இருப்பவரிடமும் கற்கலாம். மேலே சொன்ன மணிக்கட்டுச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, கருவியும் தேவையில்லை. தோட்ட மருத்துவ உதவியாளர் கையில் இருக்கும் நோயாளி அட்டையில், இரத்த வகைக்குப் பக்கத்தில், வலக்கை, இடக்கை என்று இரண்டு குறிப்பு எழுதினால் போதும். நோயாளியிடம் காரணம் சொல்லி, ஒப்புதல் பெற்றே எழுத வேண்டும்.

உடற்கூறியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வேறுபாட்டுக் குறிப்பேடு வையுங்கள். எந்தப் பக்கம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்புக்கு மேலே அல்லது கீழே என்று மாணவரையே வரைந்து எழுதச் சொல்லுங்கள். வேறுபாடு எதுவும் இல்லாத உடலையும் பதியுங்கள். அதை விட்டுவிட்டால் விழுக்காடு கணக்கிட வழியே இல்லை. ஆண்டு முடிவில் அந்த ஏடுகளை எங்களுக்கு அனுப்புங்கள். கொடையாளரின் பெயர் இல்லாமல் அவற்றை வெளியிடுவோம்.