பிடிவாதம் அல்ல, பயம்

ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பிள்ளை உடுப்பிலேயே சிறுநீர் கழித்துவிட்டால், "வளர்ப்பு சரியில்லை" என்று பேசுவது சுலபம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அடிவயிறு முட்டுவதே உறைக்காமல் போகலாம். ஃபிளஷ் இரைச்சலும் பினாயில் நெடியும் ஈரத் தரையும் நடுங்க வைக்கலாம். அடக்கி அடக்கி மலம் இறுகினால், அதன் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து உடையைக் கெடுக்கும். பார்ப்பதற்குப் பேதி, உண்மையில் மலச்சிக்கல். எனவே முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை.

பிறகு வேண்டியது பொறுமை. தினமும் சாப்பிட்ட சற்று நேரத்தில் உட்கார வைக்கலாம். கால் ஊன்ற ஒரு முக்காலி போடலாம். கால்சட்டையைக் கழற்றுவது முதல் கை கழுவுவது வரை சுவரில் வரிசையாகப் படம் ஒட்டலாம். பிள்ளை வெளியே வந்தபின் தண்ணீர் ஊற்றலாம். எதற்கும் பெரிய செலவில்லை.

பள்ளியில்தான் சிக்கல். டயபர் மாற்ற ஆளில்லாமல், இடைவேளைக்காகத் தாயே வாசலில் காத்துக் கிடக்க நேர்கிறது. ஆட்டிசத்தையும் உள்ளடக்கிய 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்கவும், தேவைக்கேற்ற வசதி செய்யவும் வழிவகுத்திருக்கிறது. உடை மாற்ற மறைவாக ஓர் இடம், பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர் என்று அரசு இங்கிருந்தாவது தொடங்கட்டும்.